பனித்தரையில் ஒரு தலைநகரம்: சிவிலைசேஷன் 6-இல் மோசமான தொடக்கத்தைச் சமாளிக்க முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் மழை பிடித்துக்கொண்டால் மூன்று நாளைக்கு விடாது. அப்படி ஒரு ராத்திரி, நானும் சின்னம்மா மகனும் ஆளுக்கொரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு சிவிலைசேஷன் 6-இல் புது ஆட்டம் ஒன்றைத் திறந்தோம். நகரங்களை அமைத்து ஒரு நாகரிகத்தையே வளர்க்கும் கணினி விளையாட்டு அது. ரோம், தலைவர் டிராஜன், எம்பரர் என்ற கடினமான நிலை, ஸ்டாண்டர்ட் வேகம், கேதரிங் ஸ்டோர்ம் என்ற விரிவாக்கம் சேர்த்தது. திரை தெளிந்தது. நகரை அமைக்கப் போகும் செட்லர் நின்ற இடம் டண்ட்ரா என்ற உறைகுளிர் நிலம். மேற்கே வரிசையாக நான்கு மலை. வடக்கே வெள்ளை வெளேரென்று பனி. ஆறு கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரே ஒரு புல்வெளிக் கட்டம், காட்டுக்குள் ஒரு மான் கூட்டம்.

"அண்ணே, ரீஸ்டார்ட் அடிங்க."

மெனுவில் அந்தப் பொத்தான் இருக்கத்தான் செய்கிறது. அழுத்துவதில் குற்றமும் இல்லை. ஆனால் ஐந்து தரம் ரீஸ்டார்ட் அடித்து ஆறாம் தரம் கிடைக்கிற ஆற்றங்கரை ஆட்டங்கள் எனக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் முடிந்திருக்கின்றன. சுற்று 150-ஐத் தாண்டினால் 'அடுத்த டேர்ன்' அழுத்துவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அதனால் அந்த டண்ட்ராவை விடவில்லை. கீழே வருவதெல்லாம் அந்த ஒரு ஆட்டத்தை வைத்துச் சொல்வது. பாலைவனம், தீவு போன்ற வேறு கஷ்டங்களுக்கும் இடையிடையே வழி சொல்கிறேன்.

படி 1: வலி எங்கே என்று பாருங்கள்

மருந்தெடுக்கப் போய் "மேலுக்கு முடியல" என்று மட்டும் சொன்னால் போதாது, காய்ச்சலா, வயிற்றுவலியா என்று சொல்ல வேண்டும். "இடம் மோசம்" என்பதும் அப்படித்தான். இந்த ஆட்டத்தில் நான் கண்ட மோசம் நான்கு வகை: தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, உற்பத்தி இல்லை, இடமே இல்லை. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

செட்லரை நகர்த்துவதற்கு முன்னால் இரண்டு வேலை. முதலாவது, ஒவ்வொரு கட்டத்திலும் விளைச்சலைக் காட்டும் அடையாளங்களைத் திறந்து வையுங்கள். புல்வெளி 2 உணவு. சமவெளி 1 உணவு, 1 உற்பத்தி. டண்ட்ரா வெறும் 1 உணவு. பாலையும் பனியும் பூஜ்ஜியம். எந்த நிலமானாலும் குன்றாக இருந்தால் 1 உற்பத்தி கூடும், காடு இருந்தால் இன்னும் ஒன்று. பழைய லெப்டொப்பில் விளையாடுகிறவர்கள் ஸ்ட்ராடெஜிக் வியூவுக்கு மாறிப் பாருங்கள். அழகு குறையும், ஆனால் நிலம் பளிச்சென்று தெரியும், மெஷினும் சூடாகாது.

இரண்டாவது, செட்லரைத் தெரிவு செய்ததும் வருகிற வண்ணங்களைப் படியுங்கள். கடும்பச்சை என்றால் நன்னீர், இளம்பச்சை என்றால் கடலோரம், சாம்பல் என்றால் தண்ணீரே இல்லை, சிவப்பு என்றால் அங்கே நகர் அமைக்க முடியாது. எங்கள் பக்கம் சிவனொளிபாத மலை அடிவாரத்தில் இருக்கிற ஊருக்குப் பெயரே நல்லதண்ணி. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் எதை முதலில் பார்த்தார்கள் என்று தெரிகிறதல்லவா? இந்த ஆட்டத்தைச் செய்தவர்களுக்கும் அதே புத்திதான். நன்னீர் அருகில் அமைத்த நகருக்கு வீட்டு வசதி 5, கடலோரத்துக்கு 3, தண்ணீர் இல்லாததற்கு 2. தலைநகரில் அரண்மனை ஒன்று கூட்டித் தரும்.

இந்த வீட்டு வசதிக் கணக்கை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில்) வளர்ந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டு வசதிக்கும் மக்கள்தொகைக்கும் இடையில் ஒன்றே ஒன்று மிச்சம் என்றால் வளர்ச்சி பாதியாகிவிடும். இரண்டும் சமமாகிவிட்டால் கால்வாசிதான். எவ்வளவு சோறு இருந்தாலும் படுக்க இடமில்லையே.

படி 2: நகர்வதா, இருந்த இடத்திலேயே உட்கார்வதா

முதலில் வாரியரை (போர்வீரனை) நகர்த்துங்கள், செட்லரை அல்ல. பக்கத்தில் குன்று இருந்தால் அதன் மேல் ஏற்றுங்கள், தூரம் தெரியும். நாங்கள் ஏற்றியபோது கிழக்கே மூன்று சுற்றுப் பயணத்தில் ஒரு சின்ன ஏரி தெரிந்தது. தெற்கே ஒரே சுற்றில் போகக்கூடிய சமவெளிக் குன்று ஒன்று, மலைத் தொடரை ஒட்டினாற்போல்.

தூரத்தைக் கட்டத்தால் எண்ணாதீர்கள், சுற்றால் எண்ணுங்கள். செட்லருக்கு இரண்டு அடிதான், குன்றோ காடோ வந்தால் இரண்டையும் தின்றுவிடும். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் எதிர் மலைத் தோட்டம் கை நீட்டினால் தொடலாம் போல இருக்கும். பஸ்ஸில் போனால் வளைந்து வளைந்து முக்கால் மணித்தியாலம் ஆகும். அந்தக் கணக்குத்தான்.

எத்தனை சுற்று நகரலாம்? இரண்டு வரைக்கும் நான் யோசிக்காமல் நகர்வேன். மூன்றென்றால் போகிற இடத்தில் நன்னீரும் இருக்க வேண்டும், நல்ல கட்டங்களும் இருக்க வேண்டும். அதற்கு மேல் அலைவது நட்டம். எம்பரர் நிலையில் கணினி ஆட்டக்காரர்கள் இரண்டு செட்லரோடு தொடங்குகிறார்கள், உச்ச நிலையான டீட்டியில் மூன்று. நீங்கள் அலையும் நேரத்தில் அவர்களுக்கு இரண்டாம் நகரே எழும்பியிருக்கும்.

இன்னொரு விஷயம். நகர மையம் எந்த நிலத்தில் அமைந்தாலும் 2 உணவு, 1 உற்பத்திக்குக் குறையாது. பாலை மணலில் அமைத்தாலும் அதேதான். ஆகவே ஒன்றுக்கும் உதவாத கட்டத்தின் மேல் நகரை வைத்துவிட்டு, நல்ல கட்டங்களை வேலைக்கு விடுங்கள். விதிவிலக்கு சமவெளிக் குன்று: அதில் மையம் 2 உணவு, 2 உற்பத்தி தரும். ஒரே ஒரு உற்பத்திதானே என்று நினைக்காதீர்கள். முதல் 30 சுற்றில் அது முழுசாக ஒரு ஸ்கவுட்டின் (வேவு பார்ப்பவனின்) விலை.

தம்பி ஏரிக்குப் போவோம் என்றான். நான் குன்றை எடுத்தேன். தண்ணீர் இல்லாத தலைநகருக்கு வீட்டு வசதி 3. ஆனால் செட்லர் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கப் போகிற நகரம் ஆரம்பத்தில் மூன்று பேரைத் தாண்டப் போவதில்லை. அத்தோடு, மலையை ஒட்டிய நகரத்துக்குப் பிறகு தண்ணீர் கொண்டுவர வழி உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். ஏரி இரண்டாம் நகருக்கு இருக்கட்டும்.

படி 3: முதல் இருபத்தைந்து சுற்று

நல்ல இடத்தில் தொடங்கினால் இந்தக் கட்டத்தில் தவறு செய்தாலும் நிலம் மன்னிக்கும். மோசமான இடத்தில் மன்னிக்காது. எங்கள் தலைநகரை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மையம் 2 உணவு, 2 உற்பத்தி. அரண்மனை இன்னும் 2 உற்பத்தி. ஒரே ஒரு குடிமகன். அவனை மான் இருக்கும் காட்டில் விட்டால் 1 உணவும் 2 உற்பத்தியும் வரும், புல்வெளியில் விட்டால் 2 உணவு மட்டும். ஒருவன் சாப்பிடுவது 2 உணவு. ஒருவர் இருவராக 15 உணவு சேர வேண்டும்.

மானில் விட்டால் சுற்றுக்கு 6 உற்பத்தி, ஆனால் உணவு மிச்சம் 1. இரண்டாவது ஆள் வர 15 சுற்று. புல்வெளியில் விட்டால் உற்பத்தி 4, மிச்சம் 2. எட்டுச் சுற்றில் ஆள் வந்துவிடுவான். ஆட்டம் தானாகத் தெரிவு செய்தால் பெரும்பாலும் பளபளப்பான மான் கட்டத்துக்குத்தான் ஆளை அனுப்பும், நமக்கும் அதுதான் சரி என்று படும். செட்லர் செய்ய நகரில் இருவர் வேண்டும் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

மான் வழியில் போனால்: ஸ்கவுட் (30), கவண் வீரனான ஸ்லிங்கர் (35) இரண்டும் 11 சுற்றில் முடியும். ஆனால் செட்லரைத் தொடங்க 15 வரைக்கும் காத்திருக்க வேண்டும். 80 உற்பத்தி முடிய 29-ஆம் சுற்று ஆகிவிடும். புல்வெளி வழியில்: எட்டுச் சுற்றில் ஒரு ஸ்கவுட்டும் இரண்டாவது ஆளும். அந்த ஆளை மானில் விட்டால் உற்பத்தி 6. செட்லர் 22, 23 வாக்கில் வெளியே வந்துவிடும். ஆறேழு சுற்று மிச்சம், ஆனால் ஸ்லிங்கர் கிடையாது. ஆகவே வாரியரை வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று. குடிமக்களை நிர்வகிக்கும் திரையில் அந்தப் புல்வெளிக் கட்டத்தை அழுத்திப் பூட்டுப் போட்டுவிடுங்கள். ஆட்டம் தன் இஷ்டத்துக்கு மாற்றாது.

செட்லர் வெளியே வந்ததும் நகர மக்கள்தொகை ஒன்று குறையும். புதிதாக விளையாடுகிறவர்களுக்கு இது வயிற்றெரிச்சல். எங்கள் ஆட்களுக்கு இருக்காது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருப்பீர்கள், வெறும் குச்சியாக நிற்கும், மாதக்கணக்கில் ஒரு கொழுந்து எடுக்க முடியாது. வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவன்தான் கத்தியை எடுக்கிறான்.

உற்பத்தி பஞ்சம் என்றால் காட்டை வெட்டலாம். மைனிங் தொழில்நுட்பம் வந்ததும் பில்டர் காட்டை வெட்டினால் தொடக்கத்தில் சுமார் 20 உற்பத்தி ஒரே தடவையில் கொட்டும். பில்டரின் விலை 50, மூன்று வேலை செய்வான். மூன்றும் வெட்டுக்கே போனால் போட்ட முதலுக்கு மேல் கொஞ்சம்தான் மிஞ்சும், ஆனால் அது கையில் உடனே வரும். ஆட்டம் போகப் போக ஒரு வெட்டின் மதிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். மேக்னஸ் என்ற ஆளுநரை அந்த நகரில் அமர்த்தினால் இன்னும் பாதி கூடும். டண்ட்ராவில் காட்டை முழுசாக மொட்டையடிக்காதீர்கள். அங்கே உற்பத்தி தருவதே அந்த மரங்கள்தான். செட்லர் பாதியில் நிற்கும்போது ஒன்று, பண்டைய சுவர் அவசரமாகத் தேவைப்பட்டால் ஒன்று. அவ்வளவு போதும்.

காசுக்கும் ஒரு வழி. கேதரிங் ஸ்டோர்மில் டிப்ளொமெட்டிக் ஃபேவர் என்று ராஜதந்திரச் செல்வாக்குப் புள்ளி ஒன்று சேரும். ஆரம்பத்தில் நமக்கு அதில் வேலையே இல்லை. கணினி ஆட்டக்காரர்கள் அதைத் தங்கம் கொடுத்து வாங்குவார்கள். யாரைச் சந்தித்தாலும் வியாபாரத் திரையைத் திறந்து கேட்டுப் பாருங்கள். எங்கள் முதல் பில்டர் அப்படி வந்த காசில் வாங்கியதுதான்.

படி 4: காட்டுமிராண்டிகள்

பனியும் டண்ட்ராவும் ஆளில்லா நிலம், ஆளில்லா நிலத்தில்தான் அவர்களின் முகாம் முளைக்கும். அவர்களின் ஸ்கவுட் உங்கள் நகரைக் கண்டுவிட்டுத் தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு திரும்பி ஓடினால், அது முகாமைப் போய்ச் சேர்வதற்குள் அடித்துவிட வேண்டும். சேர்ந்துவிட்டால் படை வரும். வாரியரை நகருக்கும் முகாம் இருக்கலாம் என்று சந்தேகிக்கும் திசைக்கும் நடுவில் ஒரு குன்றில் நிறுத்தி வையுங்கள். டிசிப்ளின் கொள்கை அட்டை காட்டுமிராண்டிகளுக்கு எதிராக 5 பலம் கூட்டும், பிரச்சினை தீரும் வரை போட்டு வைக்கலாம். மேற்கே மலைத் தொடர் இருந்ததால் எங்களுக்குக் காவல் பார்க்கக் கிழக்கும் வடக்கும் மட்டும்தான். மலையைச் சபித்துக்கொண்டிருந்த தம்பி அங்கேதான் முதல் தடவை வாயை மூடினான்.

படி 5: இந்த நிலத்துக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு. மேலே சொன்னதெல்லாம் உயிரோடு இருப்பதற்கு, ஜெயிப்பது இங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் மலைகளில் நெல் வயலைத் தேடினால் ஆற்றோரம் ஓரிரு துண்டுதான் கிடைக்கும். மலைநாட்டைத் தோட்டமாக்கியவர்கள் முதலில் நட்டது கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது கோப்பி நன்றாகத்தான் இருந்தது. 1869-இல் இலைநோய் வந்தது, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி போயே போய்விட்டது. காடு வெட்டியதும் நட்டதும் எங்கள் பாட்டன் பூட்டன்மார், இலாபம் யாருக்குப் போனது என்பது வேறு கதை. நான் இங்கே கவனிக்கச் சொல்வது அந்த 19 ஏக்கரை. முதல் பயிர் நிற்கும்போதே இரண்டாவதைச் சின்னதாகத் தொடங்கியிருந்தார்கள்.

டண்ட்ராவில் உழவு நடக்காது, கனடாவைத் தவிர யாருக்கும் அங்கே பண்ணை போட முடியாது. ஆகவே உணவை விட்டுவிட்டு ஃபெய்த் என்ற மத நம்பிக்கைப் புள்ளியைப் பிடித்தோம். கோட் ஒஃப் லோஸ் என்ற சமூக ஆராய்ச்சி முடிந்ததும் கோட் கிங் என்ற கொள்கை அட்டையைப் போட்டால் சுற்றுக்கு 1 ஃபெய்த், 1 தங்கம். 25 ஃபெய்த் சேர்ந்தால் பாந்தியன் என்ற ஆரம்ப மத நம்பிக்கை ஒன்றைத் தெரிவு செய்யலாம். ஒருவர் எடுத்ததை அடுத்தவர் எடுக்க முடியாது. அந்த ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் 33-ஆம் சுற்று ஆகியிருக்கும், அதற்குள் யாராவது முந்தியிருப்பார்கள்.

11-ஆம் சுற்றில் ஸ்கவுட் கிழக்கே ஒரு நகர அரசைக் (ஒரே நகரோடு இருக்கும் சிறு நாட்டைக்) கண்டான். பெயரைப் பார்த்ததும் தம்பி குதித்துவிட்டான்.

"அண்ணே, கண்டி!"

ஆமாம், கண்டி இந்த ஆட்டத்தில் மத வகை நகர அரசு. முதலில் சந்திப்பவருக்கு ஒரு தூதர் இலவசம், மத நகர அரசில் ஒரு தூதர் இருந்தால் தலைநகருக்குச் சுற்றுக்கு 2 ஃபெய்த். ஒன்று மூன்றாகி, 19-ஆம் சுற்றில் பாந்தியன் கையில். மோசமான தொடக்கத்தில் ஸ்கவுட்டை முதலில் செய்யச் சொல்வது இதற்காகத்தான். உள்ளூரில் இல்லாதது வெளியூரில் இருக்கும், முதலில் போகிறவனுக்கு அது சும்மாவே கிடைக்கும். (பழைய சிவிலைசேஷன் 5-இல், கோட்ஸ் அண்ட் கிங்ஸ் சேர்த்தால், சிவனொளிபாத மலையே ஸ்ரீபாத என்ற பெயரில் இயற்கை அதிசயமாக வரும். சீசன் காலத்தில் மலையேறும் பாதையின் விளக்குகள் எங்கள் ஜன்னலில் தெரியும்போது அதைக் கண்டுபிடித்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள்.)

நாங்கள் எடுத்தது டான்ஸ் ஒஃப் தி ஒரோரா. புனிதத் தலம் என்ற மாவட்டத்தைக் கட்டினால், அதை ஒட்டிய ஒவ்வொரு டண்ட்ராக் கட்டத்துக்கும் 1 ஃபெய்த். மலைக் கட்டம் ஒட்டியிருந்தால் பாந்தியன் இல்லாமலேயே அதற்கும் 1. நான்கு டண்ட்ரா, ஒரு மலை சூழ்ந்த இடமாகப் பார்த்து வைத்தோம்: சுற்றுக்கு 5. பிறகு தீர்க்கதரிசி கிடைத்து மதம் நிறுவியபோது வர்க் எதிக் என்ற நம்பிக்கையைச் சேர்த்தோம். புனிதத் தலம் அக்கம்பக்கத்தால் பெறுகிற ஃபெய்த் எவ்வளவோ அவ்வளவு உற்பத்தியும் அந்த மதத்தைப் பின்பற்றும் நகருக்கு வரும். பனியைப் பார்த்துக்கொண்டிருந்த நகரத்துக்கு 5 ஃபெய்த், 5 உற்பத்தி. ஸ்கிரிப்சர் அட்டையைப் போட்டால் அந்த அக்கம்பக்கக் கணக்கு இரட்டிப்பாகும். அடுத்த காலகட்டம் கோல்டன் ஏஜாக (பொற்காலமாக) அமைந்தால், அப்போது கிடைக்கும் மொன்யுமென்டாலிட்டி என்ற சலுகையைத் தெரிவு செய்து செட்லரையும் பில்டரையும் ஃபெய்த் கொடுத்தே வாங்கலாம். எங்களுடைய நான்காம், ஐந்தாம் நகரங்கள் அப்படி வந்தவை.

உங்கள் நிலம் வேறு மாதிரி என்றால்:

பாலைவனமா? டெஸர்ட் ஃபோக்லோர் என்ற பாந்தியன் இதே வேலையைப் பாலைக் கட்டங்களுக்குச் செய்யும். அத்தோடு பெட்ரா என்ற உலக அதிசயம் அந்த நகரின் பாலைக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் 2 உணவு, 2 தங்கம், 1 உற்பத்தி சேர்க்கும். வெள்ளச் சமவெளிக் கட்டங்களுக்கு அது கிடையாது. மெதமெட்டிக்ஸ் தொழில்நுட்பம் வரைக்கும் நேராக ஓடுங்கள், காட்டை வெட்டாமல் மிச்சம் வைத்திருந்து பெட்ராவுக்குக் கொட்டுங்கள். யாராவது முந்திவிட்டால் மனம் உடையும், அதற்கும் தயாராக இருங்கள்.

அடர்ந்த மழைக்காடா? ஃபெய்த்துக்குச் சேக்ரட் பாத் என்ற பாந்தியன். கேம்பஸ் என்ற விஞ்ஞான மாவட்டத்தை ஒட்டிய இரண்டு மழைக்காட்டுக் கட்டத்துக்கு 1 விஞ்ஞானம். ஒரேயடியாக வெட்டித் தள்ளாதீர்கள்.

மலைகள் நெருக்கியடிக்கிற இடமா? என்னைக் கேட்டால் அது மோசமே இல்லை. கேம்பஸுக்கு ஒட்டிய மலை ஒவ்வொன்றும் 1 விஞ்ஞானம். மூன்று மலை கூடுகிற மூலையில் ஒரு கேம்பஸ் வைத்தால் மற்றவர்கள் நூலகம் கட்டித் தேடுவதை நீங்கள் சும்மா இருந்து எடுப்பீர்கள். இன்காவாக விளையாடினால் மலைக் கட்டத்திலேயே ஆளை வேலைக்கு விடலாம்.

தீவா? சைலிங் வந்தால் பில்டர் கடலில் இறங்கலாம், செலஸ்டியல் நெவிகேஷன் வந்தால் வணிகர், ஷிப்பில்டிங் வந்தால் செட்லர் உட்பட மற்ற எல்லோரும். இந்த மூன்றையும் முதலில் முடித்துவிட்டு மிச்சத்தை யோசியுங்கள்.

படி 6: இரண்டாம் நகரைச் சோறு போடும் இடத்தில் வையுங்கள்

நகரங்களுக்கு நடுவில் குறைந்தது மூன்று கட்டம் விட வேண்டும் என்பது விதி. ஏரிக்கரை அதற்குச் சரியாக அமைந்தது. ஏரிக்கு அப்பால் புல்வெளி தொடங்கியது, ஐந்து வீட்டு வசதியோடு அந்த நகரம் கிடுகிடுவென்று வளர்ந்து தலைநகரை முந்திக்கொண்டது. வளரட்டும். தலைநகர் என்ற பெயர் இருப்பதால் முதல் நகரைத்தான் பெரிதாக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நல்ல நிலம் தூரத்தில் இருக்கிறதே என்று அடுத்த அரசனின் வாசலில் போய் மட்டும் நகர் வைக்காதீர்கள். விசுவாசம் அவன் பக்கம் சாய்ந்து, நகரம் கையை விட்டுப் போகும்.

அப்புறம் வணிகர். ஃபொரின் ட்ரேட் முடிந்ததும் ஒரு வணிகப் பாதை கிடைக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பித் தங்கம் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். மோசமான தொடக்கத்தில் முதல் வணிகரை உள்ளூருக்குள்ளேயே ஓட்டுங்கள். உள்நாட்டுப் பாதையில் வருகிற உணவும் உற்பத்தியும் வணிகர் புறப்படுகிற நகருக்குத்தான் சேரும், போகிற நகருக்கு அல்ல. தம்பி இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து அனுப்பப் பார்த்தான். பசியோடிருக்கும் நகரிலிருந்து புறப்பட வேண்டும். போகிற நகரில் மாவட்டங்கள் கூடக் கூட வரத்தும் கூடும். வணிகர் நடந்த வழியில் சாலையும் விழும்.

எங்கள் மலைக்கு ரயில் வந்த கதையும் இதுதான். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867-இல் பாதை திறந்தது, பதுளையைத் தொட 1924 ஆனது. கீழே போனது கோப்பியும் பிறகு தேயிலையும், மேலே வந்தது அரிசி.

படி 7: மலையிலிருந்து தண்ணீர்

குன்றைத் தெரிவு செய்தபோது சொன்ன பாக்கி இது. எஞ்சினியரிங் வந்ததும் நீர்க்கால்வாய் மாவட்டம் கட்டலாம். அதற்கு ஆறும் ஏரியும்தான் வேண்டும் என்று நினைத்திருப்பவர்கள் அதிகம். மலையிலிருந்தும் இழுக்கலாம். ஒரே நிபந்தனை, கால்வாய் அமையும் கட்டம் நகர மையத்தையும் தொட வேண்டும், மலையையும் தொட வேண்டும். தண்ணீர் இல்லாத நகருக்கு வீட்டு வசதி 2-லிருந்து 6-க்கு ஏறும். ரோமுக்கு இதற்குப் பதிலாகக் குளியல் மண்டபம், விலையும் குறைவு, வசதியும் கூடுதல்.

ஆகவே முதல் சுற்றிலேயே அந்தக் கட்டத்தில் ஒரு குறி ஊசியைக் குத்தி வைத்துவிடுங்கள், வேறு எதையும் அங்கே கட்டிவிடாமல் இருக்க. நான் ஒரு தடவை அதே கட்டத்தில் ஆசையாகக் கேம்பஸ் கட்டிவிட்டு, எஞ்சினியரிங் வந்த அன்று கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். கட்டிய மாவட்டத்தை இடிக்க வழியில்லை. அதற்கு முன்பே மக்கள் நெருக்கம் வந்தால் கிரானரி கட்டுங்கள். 2 வீட்டு வசதியும் 1 உணவும் தரும்.

படி 8: பக்கத்து வீட்டுக்காரன்

தண்ணீரும் நிலமும் நன்றாக இருந்து, ஆறேழு கட்டத்தில் இன்னொருவனின் தலைநகர் இருந்தால் அதுவும் மோசமான தொடக்கம்தான். சந்தித்த அதே சுற்றில் 25 தங்கம் கொடுத்துத் தூதுக்குழு அனுப்பிவிடுங்கள். ஒரு சுற்று தாமதித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். முடிந்தால் நட்புப் பிரகடனம். நட்பு நிற்கும் வரை அவன் போர் அறிவிக்க முடியாது, நீங்களும்தான். சண்டைக்குப் போவதென்றால் அவனுக்குச் சுவர் எழும்பும் முன் மூன்று நான்கு வில்லாளிகளும் இரண்டு வாரியரும். ஸ்லிங்கரால் ஒரு எதிரியைக் கொன்றால் ஆர்ச்சரி ஆராய்ச்சி 40 சதவீதம் குறையும். நான் சண்டைக்காரன் இல்லை, இதில் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் உண்டு.

எப்போது ரீஸ்டார்ட் அடிக்கலாம்

இரண்டு சந்தர்ப்பத்தில் நானும் அடிப்பேன். டீட்டி நிலையில் ஐந்து வாரியர்களோடு தொடங்கும் ஒருவன் மூச்சுக்காற்று படும் தூரத்தில் இருந்தால். அல்லது இரண்டாம் நகருக்கே இடமில்லாத துளித் தீவில் மீனும் நண்டும் கூட இல்லாவிட்டால். மற்றபடி 50 சுற்று ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த 50-இல் மூன்று நகரம் எழும்பிவிட்டால் ஆட்டம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கரண்ட் போகிற ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோசேவ் ஒவ்வொரு சுற்றுக்கும் நடக்கும்படி வைத்து, எத்தனை கோப்பு மிஞ்ச வேண்டும் என்ற எண்ணையும் கூட்டி வையுங்கள். 2022-இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் பெட்டரி சாகும் வரைக்கும் விளையாடிவிட்டு, அடுத்த நாள் விட்ட சுற்றிலிருந்தே தொடர்ந்தது அதனால்தான்.

அந்த டண்ட்ரா ஆட்டம் 100-ஆம் சுற்றில் ஆறு நகரத்தோடு நின்றது. விஞ்ஞானத்தில் மூன்றாம் இடம், ஃபெய்த்தில் முதலிடம். தலைநகரில் கால்வாய் ஓடி ஏழு பேர் ஆகிவிட்டார்கள். இன்னும் முடிக்கவில்லை, தெற்கே பிரேசில்காரன் படை சேர்த்துக்கொண்டிருக்கிறான். மழை விட்டதும் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டான். போகும்போது வரைபட விதை எண்ணையும் ஆட்ட விதை எண்ணையும் கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து எழுதிக்கொண்டான். அதே இடத்தில் ரஷ்யாவை எடுத்து ஆடப்போகிறானாம். டண்ட்ராக் கட்டத்துக்குக் கட்டம் ஃபெய்த்தும் உற்பத்தியும் கூட்டித் தருகிற ரஷ்யா!

"தலைவரை மாத்தினா தொடங்குற இடமும் மாறிடலாம்டா" என்றேன்.

"மாறி ஆத்தங்கரையில விட்டுட்டா என்ன அண்ணே பண்றது?" என்று கவலையோடு கேட்டான்.